கர்துங் லாவுக்கு சைக்கிளில்: ஏறுவதற்கு மட்டும் தயாராகிப் போகாதீர்கள்

லடாக்கின் லே நகரிலிருந்து கர்துங் லா கணவாய் சுமார் 39 கிலோமீட்டர். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாய் 5,359 மீட்டரில். மேலே நிற்கும் பழைய மஞ்சள் பலகை 18,380 அடி என்று சொல்லும், ஜி.பி.எஸ். வைத்து அளந்தால் வருவது 17,582 தான். உலகிலேயே உயரமான வண்டிச் சாலை என்ற பட்டமும் லடாக்கிலேயே இன்னும் உயரமான சாலைகளுக்குப் போய்விட்டது. அதனால் என்ன, பலகை முன்னால் நின்று நானும் படம் எடுத்துக்கொண்டேன்.

டிக்கெட், அறை, அனுமதிச் சீட்டு சமாசாரங்களை இங்கே எழுதவில்லை. லேயில் சைக்கிள் வாடகைக்குத் தருகிறவர்களைக் கேட்டாலே எல்லாம் சொல்லிவிடுவார்கள்.

1. முதலில் சும்மா இருங்கள், மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகட்டும். விமானத்தில் வந்தால் முதல் இரண்டு நாள் சைக்கிளைத் தொடவே வேண்டாம். மூன்றாம் நாள் சிந்து நதியை ஒட்டி திக்சே மடம் வரை போய் வாருங்கள். நான்காம் நாள் கணவாய்ச் சாலையிலேயே 24 கிலோமீட்டர் ஏறி, தெற்கு புல்லு சோதனைச் சாவடியைத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள். ஐந்தாம் நாள் ஓய்வு, ஆறாம் நாள் கணவாய். மலை உயரத்தால் வரும் நோய்க்கு மாத்திரை போடுவதா வேண்டாமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலைவலியோடு வாந்தி வந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், யோசிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

2. சைக்கிள். முன் பல்சக்கரத்தைவிடப் பின் பல்சக்கரத்தில் பற்கள் அதிகமாக இருக்கட்டும். முன்னால் 32, பின்னால் 42 என்றால் நிம்மதி. பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்காக (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் பிடிப்பது) இருக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஏன் என்று நான்காவது படியில் தெரியும்.

3. ஏற்றம். விடிவதற்கு முன் கிளம்புங்கள். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடும். மதியத்துக்கு மேல் வானிலையும் மாறிவிடும். தெற்கு புல்லு வரை சமாளித்துவிடலாம். அதற்கு மேல் தண்ணீர் குடிப்பதே ஒரு வேலை. இரண்டு மிடறு விழுங்குகிற நேரம் மூச்சை நிறுத்தினாலே, அடுத்த ஒரு நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு இளைக்க வேண்டியிருக்கும். இறங்கி நின்றுதான் குடித்தேன். மணிக்கு ஆறு கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். ராணுவ லாரி வரிசை வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள், அதுவும் ஓய்வுதான்.

4. இறக்கம். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். மாதக்கணக்கில் ஏற்றத்துக்குப் பயிற்சி எடுத்தேன், இறக்கத்தைப் பற்றி ஒரு நாள்கூட நினைக்கவில்லை. மேலே டீ குடித்துவிட்டு, வியர்வையில் நனைந்த சட்டையோடு அப்படியே கிளம்பினேன். லேயைவிட அங்கே குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரி அதிகம். வேகம் எடுத்ததும் காற்று வேறு. மூன்றாவது வளைவில் விரல்கள் பிரேக்கின் மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அழுத்துகிறேனா இல்லையா என்பது தெரியவில்லை. எதிரே டேங்கர் லாரி. மலைப்பக்கமாகச் சாய்ந்து, ஜல்லியில் சரிந்து விழுந்தேன். முழங்கை தேய்ந்ததோடு போனது.

அடுத்த தடவை செய்தது இது. மேலே போய்ச் சேர்ந்ததும், டீக்கு முன்னால், உள்சட்டையை மாற்றினேன். பையில் ஒரு காய்ந்த சட்டை, மெல்லிய உறை ஒன்றும் காற்றுப் புகாத உறை ஒன்றுமாக இரண்டு ஜோடிக் கையுறை. நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே நாலாக மடித்த செய்தித்தாள். மார்கழிக் காலையில் பைக் ஓட்டுகிறவர்கள் சட்டைக்குள் பேப்பர் செருகிக்கொள்வார்களே, அதே வித்தைதான். விலை உயர்ந்த ஜாக்கெட்டைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை. இறங்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றினேன். ஹைட்ராலிக் பிரேக் ஒற்றை விரலுக்கே பிடிக்கும். கேபிள் பிரேக்கை விறைத்த கையால் இழுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த அருமை புரியும்.

காரில் போகிறவர்களுக்கு: முதல் படி உங்களுக்கும் உண்டு. மேலே அரை மணி நேரத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். இறங்கும்போது சின்ன கியரிலேயே வாருங்கள்.

பிற்சேர்க்கை: போன் வேலை செய்யவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். வெளி மாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு கொண்டுபோங்கள். இன்னொருவர், "ஜீப்பில் ஏறிப்போய் சைக்கிளில் இறங்க மட்டும் செய்கிறேன், எனக்கு எந்தப் படி?" என்று கேட்டிருந்தார். ஒன்றும் நான்கும். ஏறி வந்தவனுக்கு உடம்பில் கொஞ்சமாவது சூடு மிச்சம் இருக்கும், ஜீப்பில் உட்கார்ந்து வந்தவருக்கு அதுவும் இருக்காது. கையுறையை லேயிலேயே மாட்டிக்கொண்டு ஏறுங்கள்.