டெலிகிராம் பாட்டின் (bot) நிரலை இயக்குவதற்கு முன் சோதிப்பது எப்படி?

டெலிகிராமில் தானாகச் செய்தி அனுப்பிப் பதிலளிக்கும் நிரலைத்தான் பாட் என்கிறோம். நிரல்கள் பகிரப்படும் கிட்ஹப் தளத்தில் கிடைக்கும் ஒரு பாட்டைப் பதிவிறக்கி, டெலிகிராமின் பாட்ஃபாதர் தந்த டோக்கனை (பாட்டுக்கான ரகசியச் சாவியை) அதில் ஒட்டி, அப்படியே இயக்கிவிடும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. அந்த டோக்கன் கைக்குக் கிடைத்த எவரும் உங்கள் பாட்டின் பெயரிலேயே குழுவினருக்குச் செய்தி அனுப்பலாம். உங்களை நம்பிச் சேர்ந்தவர்களுக்காகவாவது, பைதானில் எழுதப்பட்ட அந்த நிரலை முதலில் படித்துவிடுங்கள்.

நிரலுக்குத் தேவைப்படும் தொகுப்புகளின், அதாவது பிறர் எழுதிவைத்த துணை நிரல்களின், பட்டியலில் தொடங்குங்கள். ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். கலராமா என்ற புகழ்பெற்ற தொகுப்பின் பெயரில் ஒரே ஓர் ஆங்கில எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து, 2018இல் பைதான் தொகுப்புகள் கிடைக்கும் பைபிஐ களஞ்சியத்தில் ஒரு போலி உலவியது; விண்டோஸ் கணினியில் நகலெடுக்கப்பட்ட பிட்காயின் முகவரியை அது வேறு முகவரியாக மாற்றியது. தொகுப்பை நிறுவும்போதே அதிலுள்ள நிரல் இயங்கிவிடக்கூடும் என்பதால், இந்தச் சரிபார்ப்பை நிறுவுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்து, கொடுத்த உரையை நிரலாகவே இயக்கும் எவால் (eval), எக்ஸெக் (exec), கணினியின் பிற நிரல்களை இயக்கும் சப்பிராசஸ் (subprocess) ஆகிய சொற்களை எல்லாக் கோப்புகளிலும் தேடுங்கள். கணக்குப் போட்டுத் தரும் கட்டளை ஒன்று பாட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயனர் அனுப்பும் '2+3' என்ற வரியை நிரல் நேராக எவாலிடம் கொடுத்தால், எண்களுக்குப் பதிலாக, டோக்கன் போன்ற ரகசியங்களைப் பலர் வைக்கும் சூழல் மாறிகளைப் படிக்கும் வரியை ஒருவர் அனுப்பி, அங்குள்ள டோக்கனைப் பதிலாகவே பெற்றுவிட முடியும். எழுதியவருக்குத் தீய எண்ணம் இல்லாவிட்டாலும் ஆபத்து அதேதான். 'உரிமையாளருக்கு மட்டும்' என்ற நிபந்தனை இருந்தால், அங்கே எழுதப்பட்டுள்ள பயனர் எண் யாருடையது என்று பாருங்கள். அது உங்களுடையதாக இல்லையென்றால், வேறொருவர் உங்கள் கணினிக்குள் நுழைவதற்கான பின்வாசல் என்றே கருத வேண்டும்.

பிறகு, நிரல் தொடர்புகொள்ளும் இணைய முகவரிகள் அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். டெலிகிராம் பாட்டுக்குள் டிஸ்கார்ட் வெப்ஹுக் முகவரியோ (டிஸ்கார்ட் அரட்டைச் செயலிக்குத் தகவல் அனுப்பும் இணைப்பு), எண்களும் முக்காற்புள்ளியும் எழுத்துகளுமாக அமைந்த இன்னொரு டோக்கனோ இருந்தால், தகவல் வேறெங்கோ போகிறதா என்று கட்டாயம் விசாரிக்க வேண்டும். முகவரி, உரையை வேறு எழுத்துகளாக மாற்றிக் காட்டும் பேஸ்64 வடிவில் மறைந்திருக்கலாம்; அந்த எழுத்துத்தொடரை மட்டும் தனியே பிரித்துப் படியுங்கள், இயக்கிப் பார்க்காதீர்கள். ஒரு வரியின் முடிவில் நூற்றுக்கணக்கான இடைவெளிகளை விட்டு, திரைக்கு வெளியே நிரலை ஒளித்துவைக்கும் தந்திரமும் உண்டு. எடிட்டரில் வரி மடிப்பை (word wrap) இயக்கினால் அது உடனே கண்ணில் படும்.

பாட் பிறரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் கவனியுங்கள். செய்திகளுக்கிடையே காத்திருப்பது மட்டும் குற்றமாகாது. டெலிகிராமின் வேக வரம்புக்காக நல்ல பாட்டுகளும் காத்திருக்கின்றன. ஆனால் பல கணக்குகளின் செஷன் கோப்புகள் (உள்நுழைவைச் சேமித்துவைப்பவை), முன்பே எழுதிவைத்த கருத்துகள், மனிதரைப் போலக் காட்டும் சீரற்ற இடைவெளி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், அது போலிக் கருத்துகளைப் பரப்புவதற்கான கருவியாகவே பெரும்பாலும் இருக்கும். சாதாரண பாட்டுக்கு டோக்கன் போதும். உங்கள் தொலைபேசி எண்ணையும் ஓடிபியையும் கேட்கும் நிரல், உங்கள் சொந்தக் கணக்கிலேயே நுழையப் பார்க்கிறது.

சந்தேகத்துக்குரிய நிரலை ஏற்கெனவே இயக்கியிருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். பாட்ஃபாதரில் பழைய டோக்கனை ரத்துசெய்து புதியதைப் பெறுங்கள். ஓடிபி கொடுத்திருந்தால், டெலிகிராம் அமைப்புகளில் சாதனங்கள் பகுதிக்குச் சென்று அறிமுகமில்லாத செஷன்களை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.