மேசை விளக்கை வடிவமைப்பது எப்படி? வரைவது முதல் வேலை அல்ல

பத்துப் பேர் வேலை செய்யும் விளக்கு நிறுவனத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தபோது, கணினி முன்னால் அமர்ந்து அழகாக வரைந்து கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். முதல் வாரமே அம்பத்தூரில் தகடு வளைக்கும் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வாரம் அட்டைப்பெட்டி செய்பவரோடு பேரம். பெரிய நிறுவனமென்றால் வெளிச்சத்துக்கு ஒருவர், சூட்டுக்கு ஒருவர், பெட்டிக்கு ஒருவர் இருப்பார்கள். இங்கே எல்லாம் நீங்கள்தான். அதனால் வேலையின் வரிசையும் கல்லூரியில் படித்ததற்கு நேர்மாறாகப் போகும். படிப்பதற்கான சாதாரண மேசை விளக்கு ஒன்றை வைத்து அந்த வரிசையைச் சொல்கிறேன்.

படி 1: இருட்டில் உட்காருங்கள்

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு மேசைமேல் ஒரு புத்தகத்தைத் திறந்து வையுங்கள். செருப்புப் பெட்டி அட்டையைக் கூம்பாகச் சுருட்டி, ஹோல்டரில் மாட்டிய எல்இடி பல்புக்கு மூடியாக்கிக்கொள்ளுங்கள். பல்பில் அட்டை படக்கூடாது. இனி விளக்கை ஏற்றி இறக்கிப் பாருங்கள். படிக்கக் காகிதத்தின்மேல் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் விழுந்தால் போதும். லக்ஸ் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 40 செ.மீ. உயரத்தில் 500 லக்ஸ் தரும் விளக்கை 56 செ.மீ.க்கு உயர்த்தினால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெளிச்சம் குறைகிறது என்று பள்ளியில் படித்தது இங்கேதான் உதவுகிறது.

அடுத்தது கண்கூச்சம். நாற்காலியில் அமர்ந்தால் கண் மேசைக்கு மேல் சுமார் 40, 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். அங்கிருந்து எல்இடி நேராகக் கண்ணில் பட்டால் அந்த விளக்கு தோற்றுவிட்டது, உருவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மூடியின் விளிம்பைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கி, ஒளி மறையும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு உயரமான ஒருவரையும் குள்ளமான ஒருவரையும் உட்காரவைத்துப் பாருங்கள். மூடியின் ஆழம் தானாகவே முடிவாகிவிடும்.

நிறத்துக்கு வருவோம். 2700 கெல்வின் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6500 டியூப்லைட்டின் நீலம் கலந்த வெண்மை. படிப்பதற்கு நான் 4000 கெல்வினை எடுப்பேன். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று சொல்லும் எண் சிஆர்ஐ. அது 90க்கு மேல் இருக்கும் எல்இடியைக் கேளுங்கள். கடையில் எடுத்த பட்டுப்புடவையைப் பெண்கள் ஏன் வாசலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது. குங்குமமும் தக்காளியும் வைத்துப் பாருங்கள். மட்டமான எல்இடியில் சிவப்பு செத்துப்போயிருக்கும்.

படி 2: டிரைவரை வாங்கி மேசைமேல் வையுங்கள்

எல்இடிக்கு நிலையான மின்னோட்டம் தரும் சிறு பெட்டிதான் டிரைவர். எல்இடிகளைப் பதித்த போர்டில் 8 எல்இடி வரிசையாக இருந்தால், ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வீதம் 24 வோல்ட். 300 மில்லியாம்பியர் ஓட்டினால் 7.2 வாட். ஆகவே 24 வோல்ட்டைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் 300 மில்லியாம்பியர் டிரைவர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் கிடைப்பதை முதலில் வாங்கி, அளவெடுத்து, நாலு பக்கமும் 5 மி.மீ. கூடுதல் இடம் விட்டுத்தான் அடிப்பகுதியைத் திட்டமிட வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே டிரைவர் கிடைக்காது; அதன் அண்ணன்தான் கிடைப்பான், கொஞ்சம் நீளமாக.

விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிகிறதா என்பதையும் இங்கேயே பாருங்கள். வெளிச்சத்தின்கீழ் பென்சிலை வேகமாக ஆட்டும்போது பல பென்சில்களாகத் தெரிந்தால் வேறு டிரைவர் தேடுங்கள்.

படி 3: சூட்டை அளந்து பாருங்கள்

எல்இடி சூடாகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகிறது. அந்தச் சூடு போர்டிலிருந்து அலுமினியத்துக்கு இறங்கி, அங்கிருந்து காற்றுக்குப் போக வேண்டும். போர்டை 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் இறுக்கமாகத் திருகி, இடையில் வெப்பம் கடத்தும் பசை தடவுங்கள். மூடிய அறையில் இரண்டு மணி நேரம் எரியவிட்ட பின் வெப்பநிலை அளக்கும் முனையுள்ள மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். டிரைவரின் மேல் ‘tc’ என்று ஒரு புள்ளி அச்சிட்டிருப்பார்கள். அந்த இடத்தில் எவ்வளவு வரை போகலாம் என்பதும் பக்கத்திலேயே இருக்கும்.

மார்கழியில் அளந்துவிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். பட்டறையில் 28 டிகிரி இருக்கும்போது புள்ளியில் 68 வந்தால், அறை 38 டிகிரியாகும் மே மாதத்தில் அது 78ஐ ஒட்டி வரும். டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கியின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகிறது. எல்இடி விளக்கு ‘பல்பு போய்’ நின்றுவிட்டது என்கிறோமே, பெரும்பாலும் போனது டிரைவர்தான்.

படி 4: செய்துதருபவரைப் பாருங்கள்

நூறு விளக்குக்கு, உருக்கிய உலோகத்தைச் செலுத்தி வார்க்கும் டை காஸ்டிங் அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. வட்டமான மூடி என்றால் லேத்தில் அச்சின்மேல் தகட்டை அழுத்திச் சுற்றும் ஸ்பின்னிங் முறை. மற்றவற்றுக்கு லேசரில் வெட்டி வளைப்பது. வளைப்பவரிடம் அரைநாள் நின்று பாருங்கள். 1.2 மி.மீ. தகட்டில் வளைவுக்கு ஒட்டிய துளை முட்டை வடிவமாக இழுபடுவதைக் கண்ணால் பார்த்தால், பிறகு எப்போதும் 5 மி.மீ. தள்ளித்தான் போடுவீர்கள்.

படி 5: இப்போது வரையுங்கள்

மூடியின் ஆழம், அடிப்பகுதியின் அளவு, தகட்டின் தடிமன் எல்லாம் கையில் இருக்கின்றன. மிஞ்சியிருப்பதுதான் உங்கள் ரசனை, அது குறைவான இடமும் இல்லை. கார்களுக்கான சஸ்பென்ஷன் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் 1932இல் ஸ்பிரிங்குகளின் சமநிலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்துதான், ஸ்பிரிங் கையை எந்தப் பக்கம் வளைத்தாலும் அப்படியே நிற்கும் ஆங்கிள்பாய்ஸ் மேசை விளக்கு பிறந்தது. அந்த உருவத்தை இன்றும் உலகம் நகலெடுக்கிறது.

படி 6: எர்த்

இதில் நான் அடி வாங்கியிருக்கிறேன். உலோக உடலுக்குள் 230 வோல்ட் வந்தால் மூன்று கம்பி வயரும் எர்த் இணைப்பும் கட்டாயம். என் முதல் நாற்பது விளக்குகளிலும் எர்த் திருகு ஒழுங்காகத்தான் இருந்தது. மல்டிமீட்டர் மட்டும் தொடர்பே இல்லை என்றது. தகட்டின்மேல் தூளாகத் தூவிச் சூடேற்றும் பெயிண்டான பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. திருகு அதன்மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் உப்புத்தாளால் சுரண்டினோம். வரைபடத்தில் அந்த இடத்தை வட்டமிட்டு, ‘கோட்டிங்குக்கு முன் மறைக்கவும்’ என்று தமிழிலேயே எழுதுங்கள். கோட்டிங் துளைகளையும் சுருக்கும், 4 மி.மீ. போல்ட்டுக்கு 4.5 மி.மீ. துளை வையுங்கள்.

மின் இணைப்பு தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் 230 வோல்ட்டைத் தொடாதீர்கள். பயமாக இருந்தால் முதல் விளக்கை 24 வோல்ட் அடாப்டரிலேயே செய்யுங்கள். அப்போது உள்ளே வைக்கும் டிரைவர் 24 வோல்ட்டுக்கும் குறைவாகத் தரும் வகையாகவும், எல்இடி ஆறாகவும் இருக்கட்டும்.

படி 7: சாய்த்துப் பாருங்கள், போட்டுப் பாருங்கள்

ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனைக்குக் கீழே 10 செ.மீ. கட்டை வைத்தால் கிட்டத்தட்ட 6 டிகிரி சாய்வு கிடைக்கும். விளக்கை அதன்மேல் நான்கு திசையிலும் திருப்பி வையுங்கள். கவிழ்ந்தால் அடிப்பகுதியில் எடை கூட்டுங்கள். வயரைப் பிடித்து நன்றாக இழுங்கள். உள்ளே திருகில் இழுவிசை போகக்கூடாது, வயர் பிடிப்பான்தான் தாங்க வேண்டும்.

கடைசியாகப் பெட்டி. விளக்கை உள்ளே வைத்து ஒட்டி, இடுப்பு உயரத்திலிருந்து மூலை தரையில் படும்படி கீழே விடுங்கள். எங்களுடையதில் முதலில் உடைந்தது மூடியோ போர்டோ அல்ல, கழுத்துத் திருகு. பெட்டிக்குள் கழுத்துக்கு அடியில் மடித்த அட்டை ஒன்றைக் கூடுதலாக வைத்தோம். பெட்டிக்காரர் அதற்கு ஒரு ரூபாய் அறுபது பைசா கேட்டார்.