ஸ்டேசனுக்குப் பக்கம், கோச்சிக்குத் தூரம்: கொழும்பு வேலைக்கு வெளியூரில் வீடு பார்க்கிறவர்கள் விடும் தவறுகள்

போன மாதம் ஒரு பின்னேரம், அக்காவின் மகன் உவர்மலையிலிருந்து வந்து எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்தான். கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளவத்தையில் வாடகை விசாரித்துத் தலை சுற்றிப்போய், கம்பஹாப் பக்கம் ஒரு அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"மாமா, ஸ்டேசனுக்கு நடந்து அஞ்சு நிமிசம்தான். வெள்ளவத்தைக் காசில பாதியும் இல்ல. ஒரு வருச அட்வான்ஸ் குடுத்தா இன்னும் கொஞ்சம் குறைப்பாங்களாம்."

எனக்குப் பகீர் என்றது. 2013இல் இதே வார்த்தைகளை நான் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏழு வருடம் கொழும்புக் கோச்சியில், அதாவது ரயிலில், இடிபட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். திருகோணமலையிலிருந்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் வருடா வருடம் என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் கேட்பார்கள், அது வேறு கதை. மிதிபலகையில் தொங்காதே, பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கொழும்பு என்றால் கோட்டை என்று நினைப்பது

வேலைக் கடிதத்தில் "கொழும்பு" என்று இருந்தால் போதும், கொழும்பின் பிரதான ஸ்டேசனான கோட்டையை மனதில் வைத்து வீடு தேடத் தொடங்கிவிடுகிறோம். கந்தோர், அதாவது அலுவலகம், உண்மையில் எங்கே இருக்கிறது? அரச அலுவலகங்கள் இருக்கும் செத்சிறிபாயவும் இசுறுபாயவும் பத்தரமுல்லையில் இருக்கின்றன. அங்கே ரயில் கிடையாது. கோட்டையில் இறங்கி பஸ் பிடித்து அந்த நெரிசலில் ஊர்ந்து போக வேண்டும். கோச்சியில் மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் அந்த பஸ்ஸில் போய்விடும்.

கந்தோர் கொள்ளுப்பிட்டியிலோ பம்பலப்பிட்டியிலோ இருந்தால் கதை வேறு. கம்பஹா, வெயாங்கொடைப் பக்கமிருந்து வரும் சில கோச்சிகள் கோட்டையோடு நிற்காமல் கரையோரப் பாதையில் தொடர்ந்து ஓடும். அதில் ஏறிவிட்டால் இடையில் மாறத் தேவையில்லை. அதைத் தவறவிட்டால் கோட்டையில் இறங்கிப் பிளாட்போம் பிளாட்போமாக ஓட வேண்டியதுதான்.

ஊர்ப் பெயரை நம்புவது

வத்தளையில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, கடை இருக்கிறது. ஆனால் வத்தளை என்ற பெயரில் ஸ்டேசன் இல்லை. ஹுணுப்பிட்டியவுக்கோ எண்டேரமுல்லைக்கோ போய்த்தான் ஏற வேண்டும். ஹெந்தளைப் பக்கம் வீடென்றால் நீர்கொழும்பு வீதியையும் தாண்ட வேண்டும். அங்கே குடியிருக்க நினைத்தால் பஸ்ஸை நம்பிக் குடியிருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்து, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுப்பது

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். வருவதெல்லாம் என் மேலேதான்.

ஊர் மெயிலில், அதாவது திருகோணமலை இரவு ரயிலில், போய்ப் பழகிய நமக்கு ஒரு மயக்கம் உண்டு. கல்ஓயா, மாகோ, குருநாகல் எல்லாம் இருட்டில் கழிந்து, பொல்கஹவெலயில் கண்டிப் பாதையோடு சேர்ந்ததும் "கொழும்பு வந்திற்று" என்று பையை இறக்கத் தொடங்கிவிடுவோம். உண்மையில் அங்கிருந்து கோட்டைக்கு இன்னும் 70 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் கம்பஹா கொழும்பின் வாசற்படி மாதிரித் தெரியும். முப்பது கிலோமீற்றர்கூட இல்லையே! கந்தளாய்க்குப் போவதைவிடக் கிட்ட என்று நானும் நினைத்தேன்.

ராகமவுக்கும் கம்பஹாவுக்கும் இடையில் சின்னச் சின்ன நிறுத்தங்கள் வரிசையாக இருக்கின்றன. வல்பொல, பட்டுவத்த, புலுகஹகொட, யாகொட என்று போகும். அப்படி ஒரு நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் புரோக்கர் எனக்கு வீடு காட்டினார். ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் சைக்கிளில். இரண்டு அறை, தனிக் குசினி, நல்ல தண்ணீர்க் கிணறு, முற்றத்தில் ரம்புட்டான் மரம். வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி தந்தார். வாடகை பத்தாயிரம். வெள்ளவத்தையில் இதில் பாதி இடத்துக்கு இருபத்திரண்டாயிரம் கேட்டிருந்தார்கள். மாதம் பன்னிரண்டாயிரம் மிச்சம் என்று கையில் கணக்குப் போட்டுக்கொண்டு, ஒரு வருட அட்வான்ஸ் ஒரு இலட்சத்து இருபதாயிரத்தைக் கொடுத்தேன். அது அம்மாவின் காப்பு இரண்டையும் ஈடு வைத்த காசு.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நிறுத்தத்தில் நின்றேன். முதல் கோச்சி வந்தது, கதவெல்லாம் ஆட்கள். வேகம் குறையவே இல்லை, என் சட்டையைப் படபடவென்று அடித்துவிட்டுப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "புது ஆளா? அதெல்லாம் இங்கே நிற்காது. கம்பஹாவில் நின்றால் பிறகு ராகமதான்" என்றார் சிங்களத்தில். மூன்றாவது நின்றது. ஏற இடமில்லை. நாலாவதில் ஒரு காலை வைத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். கந்தோரில் விரல் வைக்கும் மெஷின் என்னை ஐம்பது நிமிடம் லேட் என்று பதிந்துகொண்டது.

தூரத்திலிருந்து வரும் கந்தோர்க் கோச்சிகள் பெரிய ஸ்டேசன்களில் மட்டும் நின்று, மற்றவற்றைத் தாண்டி ஓடும். எல்லா இடத்திலும் நிற்பது ஸ்லோ கோச்சி மட்டும்தான். அதனால் உங்கள் வீட்டுக்கு முன்னால் நாளுக்கு எத்தனை கோச்சி ஓடினாலும், காலை கந்தோர் நேரத்தில் உங்களுக்காக நிற்பது சிலதான். அவையும் முந்திய ஸ்டேசன்களில் ஏறியவர்களால் நிறைந்துதான் வரும். ஸ்டேசன் பக்கத்தில் இருப்பதும் கோச்சி கிடைப்பதும் ஒன்றல்ல. புரோக்கர் பொய் சொல்லவில்லை. ஸ்டேசன் ஐந்து நிமிடத்தில்தான் இருந்தது.

சரி, கம்பஹாவுக்கே போய் அங்கே ஏறலாம் என்று பார்த்தேன். உள்வீதி பஸ், ஆள் நிறையும் வரை அசையாது. கொழும்புக்குப் போகிறவன் தினமும் முதலில் கொழும்புக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். பஸ் பிந்திய நாட்களில் ஓட்டோ. பின்னேரம் கோட்டையில் கிடைத்த முதல் கோச்சியில் ஏறினால் அது என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் திரும்ப ஒரு ஓட்டோ. களைத்துப் போய் வருகிறவன் சமைப்பானா? கடையில் கொத்து.

மூன்றாம் மாதம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஓட்டோவுக்கு ஐயாயிரத்துச் சொச்சம், கடைச் சாப்பாட்டுக்கு மூவாயிரம், லேட்டுக்காக வெட்டிய அரை நாள் சம்பளங்கள், காப்புக்குக் கட்டிய வட்டி. பன்னிரண்டாயிரத்தில் சில நூறு ரூபாய்தான் மிஞ்சியது. அதற்காக ஒரு நாளில் நாலரை மணித்தியாலம் வழியில் கிடந்தேன்.

இதில் எனக்கு வெட்கமான விசயம் ஒன்று உண்டு. என் அம்மம்மாவின் ஊர் ஆலங்கேணி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அவர் பட்டணத்துக்கு வருவதென்றால் பாதை ஏறித்தான் வர வேண்டும். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு துறை கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். கடப்பதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். ஆனால் நாம் துறைக்கு வரும்போது பாதை அக்கரையில் நின்றால் வெயிலில் காய வேண்டியதுதான். அதனால் அம்மம்மா யாரிடமும் தூரம் கேட்கமாட்டார். எதிரே வருகிறவர்களிடம் "பாதை எந்தக் கரையில நிக்குது?" என்றுதான் கேட்பார். அவருடைய பேரன் நான், ஸ்டேசன் எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு அம்மாவின் காப்பைக் கொடுத்தேன்.

இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீடு பிடித்திருந்தால் பிடித்திருக்கட்டும், காசை எடுக்காதீர்கள். போயாவோ (பௌர்ணமி விடுமுறை) வேறு லீவோ ஒட்டாத ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை காலை ஆறு மணிக்கே அந்த நிறுத்தத்துக்குப் போய் நில்லுங்கள். எட்டு மணி வரைக்கும் வரும் ஒவ்வொரு கோச்சியையும் எழுதுங்கள். நின்றதா, நின்றால் ஏற முடிந்ததா, ஒன்றை விட்டால் அடுத்தது எத்தனை நிமிடத்தில் வந்தது. அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வாழ்நாள் முழுவதும் ஒரே கோச்சியைத் தவறவிடாமல் பிடிக்க யாராலும் முடியாது. அடுத்த நாள் நீங்களே ஏறி, கந்தோர் வாசல் வரைக்கும் போய் மணி பாருங்கள். பின்னேரம் திரும்பியும் வாருங்கள்.

கோச்சி எங்கிருந்து புறப்படுகிறது என்றும் விசாரியுங்கள். கம்பஹாவிலேயே புறப்படும் ஸ்லோ கோச்சியில் கம்பஹாக்காரன் உட்கார்ந்து போவான். அதே கோச்சியில் ராகமக்காரன் நின்றுதான் போவான், அவன் கொழும்புக்குக் கிட்ட இருந்தும். ஆகவே இரண்டாயிரம் கூடக் கொடுத்து கம்பஹா டவுனிலேயே இருப்பது, மலிவான நிறுத்தத்தில் இருப்பதைவிடச் செலவு குறைவாக முடியலாம். எனக்கு அப்படித்தான் முடிந்திருக்கும்.

வீட்டுக்காரர் ஒரு வருட அட்வான்ஸ் கேட்டால் மூன்று மாதம் என்று பேசிப் பாருங்கள். மசியவில்லையென்றால் முதல் மாதம் பக்கத்தில் ஒரு போர்டிங் அறை எடுத்து, அங்கிருந்து வேலைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு மாதப் போர்டிங் காசு நட்டமாகத் தெரியும். ஒரு இலட்சத்து இருபதாயிரத்தோடு வைத்துப் பாருங்கள்.

வாசிக்கத் தெரியாத அக்ரிமென்டில் கையெழுத்து வைப்பது

எட்டாம் மாதம் வீட்டை விட்டுவிட்டு, தெஹிவளையில் இரண்டு பேரோடு ஒரு அறைக்கு மாறினேன். மிச்ச நாலு மாதக் காசைக் கேட்டபோது வீட்டுக்கார அம்மா கோபப்படவில்லை. அக்ரிமென்டை எடுத்து வந்து ஒரு வரியைக் காட்டினார். இடையில் போனால் அட்வான்ஸ் திரும்பாது என்று சிங்களத்தில் எழுதியிருந்தது, கீழே என் கையெழுத்து. பேசத் தெரிந்த அளவுக்கு எனக்கு அன்று சிங்களம் வாசிக்க வராது. தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை.

முதல் வாரமே சீசன் எடுப்பது

வேண்டாம். சீசன் டிக்கெட் இரண்டு ஸ்டேசன்களுக்கு இடையில்தான் செல்லும். எங்கே ஏறுவது என்று நிச்சயமாகும் வரைக்கும் டிக்கெட் வாங்குங்கள். அரச வேலையென்றால் சலுகைச் சீசன் உண்டு, கந்தோரில் கேளுங்கள்.

அவிசாவளைப் பாதை

நுகேகொடை, மஹரகம, ஹோமாகமப் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு. அது முன்பு குறுகிய தண்டவாளப் பாதை. 1990களில் அகலமாக்கினார்கள், வளைவுகள் அப்படியே இருக்கின்றன. கோச்சி மெதுவாகத்தான் போகும், எண்ணிக்கையும் குறைவு. அந்தப் பக்கம் ஓடும் 138ஆம் இலக்க பஸ்ஸையும் ஒரு நாள் ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தண்டவாளத்தில் குறுக்குவழி நடப்பது

செய்யாதீர்கள்.

காலைக் கோச்சியை மட்டும் கணக்கில் எடுப்பது

காலையில் எல்லோரும் கவனமாக இருப்போம். பின்னேரம்தான் அடி விழும். மாத முடிவில் கணக்கு முடிக்க எட்டு, ஒன்பது மணி ஆகும் கந்தோர்கள் உண்டு. அந்த நேரத்துக்குப் பிறகு ஸ்லோ கோச்சிகள் அருகிவிடும், சின்ன நிறுத்தத்தில் இறங்கினால் வெளியே ஓட்டோவும் நிற்காது. பெண் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு அந்த ஒழுங்கையில் வெளிச்சம் இருக்கிறதா என்று பகலில் பார்த்தால் தெரியாது. சனிக்கிழமை அரை நாள் வேலை இருப்பவர்கள் இன்னொன்றும் விசாரியுங்கள். கந்தோர்க் கோச்சிகளில் சில வேலை நாட்களில் மட்டும்தான் ஓடும். நான் நம்பியிருந்த ஒன்று சனிக்கிழமை வரவே இல்லை, ஒரு மணித்தியாலம் ரம்புட்டான் தின்றுகொண்டு நின்றேன். வேலைநிறுத்த நாட்களுக்கும் ஒரு பஸ் வழி தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்பு முதல் நாள் இரவுதான் காதில் விழும்.

ஊர் மெயிலில் இறங்கி நேரே வேலைக்கு

ஞாயிறு இரவு வரைக்கும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மெயில் ஏறி, விடியுமுன் கொழும்பில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு கந்தோருக்குப் போகலாம் என்று எல்லோருக்கும் ஒரு திட்டம் இருக்கும். மருமகனுக்கும் இருக்கிறது. இரண்டு மூன்று தரம் முடியும். அதற்கு மேல் பதினொரு மணிக்குக் கண் சொருகுவதை மேலதிகாரியும் கவனிக்கத் தொடங்கிவிடுவார்.

அவனுக்கு இதையெல்லாம் சொன்னபோது பாதியில் போனை நோண்டத் தொடங்கிவிட்டான். குற்றம் சொல்ல மாட்டேன், அவனுடைய வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன். கடைசியில் "அப்ப நீங்களும் வாங்க மாமா, வந்து பார்த்திற்றுச் சொல்லுங்க" என்றான். வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் அந்த நிறுத்தத்தில் நிற்கப் போகிறோம். அட்வான்ஸ் காசு இன்னும் அக்காவின் அலுமாரியில்தான் இருக்கிறது.