ஆனி ஆடிக் காற்றில் ஆட்டோகிராஃப்: கார்டில் கையெழுத்து வாங்கப் பழகுவோம்

என் முதல் ஆட்டோகிராஃப் கார்டை இப்போது எடுத்துக் காட்டினால், அதில் இருப்பது கையெழுத்து என்று நானே சொன்னால்தான் தெரியும். நீல நிறத்தில் ஒரு இழுவை, பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை, அவ்வளவுதான். போட்டவர் மேல் குற்றமில்லை. பளபளப்பான கார்டில் ஜெல் பேனாவைக் கொடுத்தது நான். வாங்கிய கையோடு சட்டைப் பையில் செருகியதும் நான்தான். தாழையூத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் வியர்வை மிச்ச வேலையை முடித்துவிட்டது.

நீங்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் இருந்துகொண்டு, ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டில் அவர்களிடமே கையெழுத்து வாங்கிச் சேர்க்கும் இந்தப் பொழுதுபோக்கை ஆரம்பிக்க என்ன வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் கார்டு

கடையில் கிடைப்பது பெரும்பாலும் கிரிக்கெட் கார்டுதான். டாப்ஸ் நிறுவனத்தின் கிரிக்கெட் அட்டாக்ஸ் பாக்கெட்டுகளை ஸ்டேஷனரிக் கடைகளிலோ ஆன்லைனிலோ வாங்கலாம். ஸ்போர்ட்ஸ் கார்டு என்றால் பொதுவாக இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். உறை, பைண்டர் எல்லாமே இந்த அளவுக்குத்தான் செய்கிறார்கள். சில கார்டுகளில் கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகி வரும். அதைப் பேனாவால் போட்டது என்று நம்பி, பழைய கார்டு விற்பவரிடம் காசைக் கொட்டாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பேனா மை கார்டின் மேல் தனியாக ஒரு படலமாகத் தெரியும். அச்சு மை படத்தோடு படமாகக் கிடக்கும்.

ஆனால் நம் பக்கத்து ஆட்டக்காரர்களில் நிறையப் பேருக்குக் கார்டே கிடையாது. கோவில்பட்டி ஹாக்கிப் பையனுக்கு யார் கார்டு அடித்தார்கள்? கோயில் கொடைக்கு நடக்கும் கபடியில் ரைடு போகிறவருக்கு? மணத்தி என்கிற சின்ன ஊரில் இருந்து போய் 1995-ல் அர்ஜுனா விருது வாங்கினார் கபடி ஆட்டக்காரர் மணத்தி கணேசன். அவர் ஆடிய காலத்திலும் பையன்கள் சேர்த்து வைத்தது கிரிக்கெட் படங்களைத்தான்.

சரி, கார்டு இல்லையா, நாமே செய்துவிடலாம். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியே இதுதான்.

போட்டியின் முதல் நாள் போய் உங்கள் போனிலேயே படம் எடுங்கள். அடுத்தவர் எடுத்த படத்தை இணையத்தில் இருந்து எடுக்க வேண்டாம். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். மார்புக்குக் கீழே கொஞ்சம் வெளிர் நிறம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அடியில் வெள்ளைப் பட்டை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்து அதில் உட்காரும். இரண்டாம் நாள் ஸ்டுடியோவுக்குப் போய் நாலுக்கு ஆறு அங்குல அளவில், பளபளப்பில்லாத மேட் பேப்பரில் பிரிண்ட் கேளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் க்ளாஸியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அதில் மை வழுக்கும். நாலுக்கு ஆறு தாளில் கார்டு அளவுப் படம் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் அடங்கும். ஒரே படத்தை இரண்டு முறை வையுங்கள். இரண்டு எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன். ஸ்கேல் வைத்து பிளேடால் வெட்டி, பின்னால் வெள்ளை அட்டை ஒட்டினால் கார்டு தயார். மூன்றாம் நாள் கையெழுத்துக்குப் போகலாம்.

பேனா

ஜெல் பேனா, மைப் பேனா, பால்பாயின்ட் மூன்றும் வேண்டாம். பால்பாயின்ட் அழுத்தினால் கார்டில் பள்ளம் விழும், மையும் விட்டுவிட்டு வரும். பெர்மனென்ட் மார்க்கர்தான் வேண்டும், அதுவும் மெல்லிய முனை. ஸ்டேஷனரிக் கடையில் சிடி மார்க்கர் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். சேகரிப்பவர்கள் அதிகம் விரும்புவது ஷார்ப்பி என்கிற பிராண்டின் நீல மார்க்கர். அச்சுக் கையெழுத்து பெரும்பாலும் கருப்பில் இருப்பதால் நீலம் தனித்துத் தெரியும்.

கருநீல ஜெர்சி, இரவு ஆட்டப் படம் என்று கார்டு இருட்டாக இருந்தால் வெள்ளி நிற பெயின்ட் மார்க்கர் வைத்துக்கொள்ளுங்கள். அதை நன்றாகக் குலுக்கி, முனையை வேறு தாளில் நாலைந்து தடவை அழுத்தி, மை சீராக இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆட்டக்காரர் கையில் கொடுக்க வேண்டும். பார்க்காமல் கொடுத்தால் முதல் எழுத்திலேயே பொட்டுப் பொட்டாகக் கொட்டும். அதற்கு அவரையே சாரி சொல்ல வைத்துவிட்டு நிற்பது பெரிய சங்கடம்.

கார்டைத் தயார் செய்வது

கடைக் கார்டுகளில், அதிலும் மினுமினுக்கும் கார்டுகளில், மேல் பூச்சு வழுவழுப்பாக இருக்கும். முந்தின நாள் ராத்திரி, பஞ்சில் துளியூண்டு பேபி பவுடர் தொட்டு, கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் மெதுவாகத் தேய்த்து, மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். விரல் எண்ணெயும் வழுவழுப்பும் போய்விடும், மை நிற்கும். முதலில் வேண்டாத ஒரு கார்டில் செய்து பழகுங்கள்.

எங்கே நிற்பது

கிரிக்கெட் என்றால் சங்கர்நகர், இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். ஜங்ஷனில் இருந்து மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம்தான். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. 2023-ல் இறுதிப் போட்டியே அங்கேதான் நடந்தது. நம் நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் தோற்ற கதையை இங்கே கிளற வேண்டாம். ஆட்டம் முடிந்த பிறகு கூட்டம் நெருக்கும், தோற்ற அணி தலை நிமிராமல் பஸ் ஏறும். அதனால் சீக்கிரம் போய்விடுங்கள். வார்ம்-அப் முடித்துத் திரும்பும் நேரம் வேலிப் பக்கம் வருவார்கள், நல்ல நேரம் அதுதான். பேட்டிங்குக்கு பேட் கட்டி உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிடாதீர்கள்.

பெரிய பெயர்களைச் சுற்றி எல்லோரும் மொய்க்கும்போது, யாரும் கண்டுகொள்ளாத இளம் ஆட்டக்காரரிடம் போங்கள். வாஷிங்டன் சுந்தர் 2017-ல் டி.என்.பி.எல்.லில் தூத்துக்குடி அணியான டூட்டி பேட்ரியாட்ஸுக்கு ஆடியபோது அவருக்கு 17 வயது. அந்த டிசம்பரிலேயே இந்திய அணிக்கு ஆடிவிட்டார். வருண் சக்ரவர்த்தி 2018-ல் மதுரை அணிக்கு ஆடினார். அந்த வருஷ முடிவில் ஐபிஎல் ஏலத்தில் அவருக்கு விழுந்த விலை 8.4 கோடி. அவர்கள் கையெழுத்து அதற்கு முன்பு எவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹாக்கிக்குக் கோவில்பட்டி. கோடையில் அங்கே நடக்கும் அகில இந்தியப் போட்டி பல நாள் ஓடும் என்பதால், நான் சொன்ன மூன்று நாள் கணக்கு கச்சிதமாக ஒத்துவரும். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். அதே அணியில் ஆடிய கார்த்தி செல்வத்துக்குச் சொந்த ஊர் அரியலூர் பக்கம் என்றாலும், கோவில்பட்டி விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்றவர். கிரிக்கெட் மைதானம் மாதிரி கெடுபிடி இருக்காது. ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்து, ஷூவைக் கழற்றுகிற வரை பொறுத்திருந்தால் போதும்.

ஹோட்டல் வாசல், ரயில் பெட்டி, குடும்பத்தோடு சாப்பிடும் இடம் எல்லாம் வேண்டாம். கையெழுத்து கிடைத்தாலும் அதில் சந்தோஷம் இருக்காது.

கேட்பது

ஜெர்சி போடாமல் வந்தால் பாதிப் பேரை அடையாளமே தெரியாது. முந்தின நாளே முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். ஆள் மாற்றிக் கூப்பிடுவது மாதிரி அவமானம் வேறில்லை (அவருக்கும்தான்).

கார்டைப் பரீட்சை அட்டையில் வைத்து ஓரத்தை கிளிப்பில் லேசாகப் பிடிக்க வையுங்கள், கார்டில் தடம் விழக் கூடாது. பேனாவின் மூடி கழற்றியே இருக்கட்டும். "அண்ணே, நேத்து உங்க ஆட்டம் பாத்தேன். இதுல ஒரு கையெழுத்து போடுவீங்களா?" இவ்வளவு போதும். மூத்தவர் என்றால் சார். வயதில் சின்னவர் என்றாலும் "வாங்க போங்க" என்றே பேசுங்கள். பள்ளிக்கூடப் பையன், பெண் பிள்ளைகள் என்றால் முதலில் கோச்சிடமோ பி.டி. சாரிடமோ கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. ஒருவரிடம் ஒரு கார்டு, அதற்கு மேல் நீட்டாதீர்கள். பத்து கார்டை அடுக்கிக்கொண்டு நிற்பவனைப் பார்த்தால் விற்கிறவன் என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்று, தமிழில் கையெழுத்து கேட்டுப் பாருங்கள். பலர் சிரித்துவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி முழுப் பெயரையும் எழுதித் தருவார்கள். இங்கிலீஷ் கிறுக்கலைவிட எனக்கு அதுதான் பெரிது.

முடியாது என்று தலையாட்டினால் "பரவால்லண்ணே, நல்லா ஆடுங்க" என்று நகர்ந்துவிடுங்கள்.

இப்போது அந்த இரண்டாவது கார்டு. கையெழுத்து வாங்கியதும் அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் தடவை நான் கொடுத்தபோது, அந்த ஹாக்கித் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்கா அண்ணே?" என்றான். அவன் படம் கார்டாக வந்து அவனே பார்த்ததில்லை. அப்புறம் நான் கேட்காமலே டீமில் பாதிப் பேரைக் கூட்டி வந்துவிட்டான். என்னிடம் அவர்களுக்குக் கார்டு இல்லை என்பதுதான் கஷ்டம்.

வாங்கிய பிறகு

மை காய இரண்டு மூன்று நிமிஷம் கொடுங்கள், பெயின்ட் மார்க்கர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். டி.என்.பி.எல். நடப்பது ஆனி ஆடிக் காற்றுக் காலம். கயத்தாறு காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் காற்றுக்கு உங்கள் கார்டு எம்மாத்திரம்? சங்கர்நகரில் என் கார்டு ஒன்று கேலரியில் மூன்று வரிசை தாண்டிப் பறந்திருக்கிறது. அதனால் காயும் வரை அட்டையிலேயே கிளிப்பில் இருக்கட்டும். சாரல் தூறினால் அட்டையைக் கவிழ்த்து, கார்டில் படாமல் பிடியுங்கள்.

காய்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்லீவில் போட்டு, அதை டாப்லோடர் என்கிற கெட்டி உறைக்குள் இறக்குங்கள். இரண்டும் ஆன்லைனில் கிடைக்கும். எண்ணிக்கை கூடினால் ஒன்பது பை உள்ள தாள்களோடு வரும் பைண்டர் வாங்கலாம். பி.வி.சி. இல்லாத தாளா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான பி.வி.சி. நாள்பட்டால் பிசுபிசுத்து மையோடு ஒட்டும். வெயில் படுகிற சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டாதீர்கள். நம் ஊர் வெயிலில் மார்க்கர் மை வெளுத்துப்போகும்.

தேதி, மைதானம், யாரோடு ஆட்டம், என்ன பேசினார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், கார்டின் பின்னால் எழுத வேண்டாம். கையெழுத்துப் போடும்போது கூட வந்தவர் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது, நாளைக்கு யாராவது நிஜம்தானா என்று கேட்டால் காட்டலாம். என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த ஜெல் பேனாக் கார்டையும் ஒட்டி வைத்திருக்கிறேன், கட்டைவிரல் ரேகையோடு.