கிளைமோர் பற்றிப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி

போர் வரலாறு எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் அடிக்கடி இடறும் இடம் இது. மிதிவெடி, கண்ணிவெடி, கிளைமோர் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மிதிவெடி காலடியில் வெடிப்பது. கிளைமோர் பெரும்பாலும் தரைக்கு மேலே நின்று, ஒரு பக்கமாக மட்டும் எஃகுக் குண்டுகளை வீசுவது. கண்ணிவெடி என்பது பொதுப்பெயர். மூலத்தில் எது இருக்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மாதிரியைப் பாருங்கள். கிளைமோர் என்பது அமெரிக்காவின் எம்18 வரிசைக்கு வைத்த பெயர். ஸ்காட்லாந்தின் பெரிய வாளின் பெயர் அது. 1950களில் வந்த முதல் எம்18 சிறியது, கூரிய மூன்று கால்களில் நிற்பது, உள்ளே இருந்தவை எஃகுக் கனசதுரங்கள். 1960இல் ஏற்கப்பட்ட எம்18ஏ1 தான் வியட்நாம் போர்ப் படங்களில் நாம் பார்ப்பது: வளைந்த பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி, கத்தரிக்கோல் போல விரியும் இரண்டு சோடிக் கால்கள், சுமார் 700 எஃகுக் குண்டுகள், எடை 1.6 கிலோ. படத்தில் காலை எண்ணினாலே பாதிச் சந்தேகம் தீரும். சோவியத்தின் மோன்-50 தோற்றத்தில் இதற்கு நெருங்கிய உறவு. மோன்-100 அப்படியல்ல, வட்டத் தட்டு; அதை “ரஷ்யக் கிளைமோர்” என்றால் வாசகர் தவறான உருவத்தை மனத்தில் வரைந்துகொள்வார்.

தோற்றத்தை ஒரே ஆளின் கண்டுபிடிப்பாக எழுத வேண்டாம். விரிந்த தகடாக அமைந்த வெடிமருந்தின் விசை அதன் அகன்ற முகத்தின் பக்கம் மிகுதியாகப் போகும் என்பதை ஹங்கேரியின் மிஸ்னாயும் ஜெர்மனியின் ஷார்டினும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆராய்ந்தார்கள். அவர்கள் குறிவைத்தது டாங்கிகளை. ஆட்களை நோக்கி அது திரும்பியதற்குக் காரணம் கொரியப் போரில் அலை அலையாக வந்த சீனக் காலாட்படை. அமெரிக்காவில் நார்மன் மக்லியோட் தம் நிறுவனத்தில் கிளைமோரை உருவாக்கியது அதன் பிறகுதான்.

தூரம் எழுதும்போது 50, 100, 250 மீட்டர் என்று மூன்று எண்கள் எதிர்ப்படும். மூன்றும் சரி, பொருள் வேறு: எம்18ஏ1 மிக வலுவாகத் தாக்கும் தூரம் 50, ஓரளவு தாக்குவது 100, குண்டு பறந்து ஆபத்து விளைவிக்கக்கூடியது 250. எதற்கான எண் என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் தராதீர்கள்.

மிகுதியாகப் பிழை நேர்வது சட்டத்தில். “ஒட்டாவா உடன்படிக்கை கிளைமோரைத் தடை செய்தது” என்பதும் தவறு, “தொடவே இல்லை” என்பதும் தவறு. 1997இல் கையெழுத்தாகி 1999 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த அந்த ஆள்கொல்லிக் கண்ணிவெடித் தடை உடன்படிக்கை, ஆள் நெருங்கினாலோ தொட்டாலோ தானாக வெடிப்பதையே தடுக்கிறது. படைவீரர் பார்த்து இயக்கினால் அதில் அடங்காது. அதே கிளைமோரில், கால் பட்டதும் வெடிக்க வைக்கும் இடறுகம்பியைக் கட்டினால் அடங்கும். ஆகவே சம்பவத்தை எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி, வெடிக்க வைத்தது யார் அல்லது எது என்பதே. 1996இல் திருத்தப்பட்ட மரபுவழி ஆயுத உடன்படிக்கையின், கண்ணிவெடிகளைப் பற்றிய இரண்டாம் நெறிமுறை வேறு கணக்கு வைத்திருக்கிறது. 90 பாகைக்குக் குறைந்த வளைவில் வீசும் வகையை, வைத்த படைப்பிரிவின் அருகிலேயே, படையினரின் கண்காணிப்பில், அதிகபட்சம் 72 மணி நேரம் தானாக வெடிக்கும் நிலையில் வைக்க அது இடம் தருகிறது. இந்தியா இந்த நெறிமுறையில் உண்டு, ஒட்டாவாவில் இல்லை. இலங்கை ஒட்டாவாவில் சேர்ந்தது 2017 டிசம்பரில். அதற்கு முந்தைய சம்பவத்தை அந்த உடன்படிக்கையின் மீறல் என்று எழுத முடியாது. பொதுமக்களைக் குறிவைப்பது எந்த ஆயுதத்தாலும் குற்றம்தான். அதற்கு இந்த உடன்படிக்கை தேவையில்லை.

ஈழத்துச் செய்திகளைப் பயன்படுத்தும்போது இன்னொரு கவனம் வேண்டும். அங்கே “கிளைமோர்” என்பது சாலையோரம் வைத்து ஒரு பக்கமாக வீசும் எந்தக் குண்டுக்கும் பெயராகிவிட்டது, பட்டறையில் செய்ததானாலும். ஆகவே செய்தியில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் “எம்18ஏ1” என்று மாற்றிவிடாதீர்கள். மாதிரி தெரியாவிட்டால் “கிளைமோர் வகை” என்று நிறுத்திக்கொள்வதே சரி.