அந்தக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்

கொழும்பு வெக்கைக்கும் கடல் ஈரத்துக்கும் பழைய படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் செத்துப்போன எங்கள் அம்மப்பாவின் தமையனுடைய படம் வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் தொங்கியது. ஸ்கான் எடுக்கலாமென்று நான்தான் சட்டத்தைக் கழற்றி இழுத்தேன். தொப்பி வந்தது, தோள் வந்தது. இடக் கன்னம் மட்டும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

ஒட்டிய படத்தைக் கண்ணாடிக்கு மேலாலேயே படம் பிடியுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணி பிடித்தால் யன்னல் வெளிச்சம் அதில் விழாது. சந்தனப் பொட்டைத் துடைக்கப் பிழிந்த ஈரத்துணி போதும். தண்ணீர் தெளித்தால் சட்டத்துக்குள் இறங்கிவிடும். லமினேட் செய்வதோ மீளவே முடியாத வேலை. சட்டத்தில் இல்லாத தனிப் படமென்றால் பின்பக்கத்தையும் ஸ்கான் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் கிறுக்கலும் அங்கேதான் இருக்கும்.

செயலியில் நிறம் ஏற்றுவது இப்போது எல்லோருக்கும் ஆசை. அந்தக் காலத்துப் பல ஃபிலிம்களில் சிவப்பு கறுப்பாகத்தான் விழும். விருது நாடாவின் நிறத்தை வைத்துத்தான் எந்தப் போர்க்களம் என்று பார்ப்பார்கள். செயலி ஊகித்த நிறம் ஆளையே வேறு களத்துக்கு அனுப்பிவிடும். மூலப் படம் தனியாக இருக்கட்டும்.

கொழும்பின் கனத்தை, லிவரமெந்து மயானங்களில் போர்க் கல்லறைகள் உண்டு. தேய்ந்த எழுத்து தெரியச் சோக்குக் கட்டி பூசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கம்பித் தூரிகையும் வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் விழுத்தினால் எழுத்து தானாகவே எழும்பும். முழுக் கல்லை ஒன்று, எழுத்தைக் கிட்டவாக ஒன்று எடுங்கள். படை இலக்கமும் படைப்பிரிவும் தெளிவாக விழ வேண்டும். சுப்பிரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள்! முதலெழுத்து அப்பாவுடையதா, ஊருடையதா என்பதும் எழுதுவினைஞருக்கு விளங்கியிராது. இலக்கம்தான் ஆளைப் பிரித்துக் காட்டும்.

‘போர் 1945இல் முடிந்துவிட்டதே, இந்தக் கல்லில் 1946 என்று இருக்கிறதே’ என்று ஆண்டைத் திருத்த வேண்டாம். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தவர்களையும் கணக்கில் எடுக்கிறது.

இடத்திலும் பிழை வரும். பழைய படத்தில் போர் நினைவுத் தூணுக்குப் பின்னால் கடல் தெரிந்தால் அது காலிமுகத்திடல். விகாரமகாதேவி பூங்காவுக்கு அதைக் கொண்டுபோனது இரண்டாம் போரின்போதுதான்.

கடலில் போனவர்களுக்குத்தான் அதிகம் குழப்பம். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பு மீது குண்டு விழுந்த அன்றே டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இந்து சமுத்திரத்தில் மூழ்கின. 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ். அவற்றில் இறந்த பெரும்பாலோருக்குக் கல்லறையே இல்லை. பெயர்கள் இங்கிலாந்தில் பிளிமத் போன்ற கடற்படை நினைவுச் சின்னங்களில் இருக்கின்றன. அந்தப் பெயர்ப்பலகையின் படத்தைத் தேடிச் சேருங்கள். குடும்ப அல்பத்தில் வெற்றிடம் தெரிகிறதென்று லிவரமெந்துவில் எடுத்த வேறொருவரின் கல்லை அங்கே ஒட்டாதீர்கள்.