ரேடியேட்டர் குமிழ், ஃபேன் ரெகுலேட்டர் அல்ல

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் முன் எல்லாரும் ஸ்வெட்டரைப் பற்றித்தான் கேட்பார்கள். வீட்டுக்குள்ளேயே குளிர்ந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. விடுமுறைக்கு மார்த்தாண்டம் வந்த இந்த இரண்டு வாரத்தில், இங்கிலாந்து கிளம்பும் மூன்று நர்ஸ் பிள்ளைகளுக்கு இதையே வாய்வலிக்கச் சொல்லிவிட்டேன். நாலாவது ஆளுக்கு எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே பெரும்பாலான வீடுகளில் கேஸ் பாய்லர் ஒன்று தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அதை அறைக்கு அறை சுவரில் மாட்டியிருக்கும் இரும்புத் தகடுகளுக்கு அனுப்பும். அவைதான் ரேடியேட்டர். அதன் அடியில் ஓர் ஓரமாக 1 முதல் 5 வரை எண் போட்ட குமிழ் இருக்கும். ஹீட்டிங் வேலை செய்பவர்கள் இதை டி.ஆர்.வி. என்பார்கள்; சூட்டைப் பார்த்துத் தானே திறந்து மூடும் ரேடியேட்டர் வால்வு.

நைட் டியூட்டி முடிந்து நடுங்கிக்கொண்டே வந்து, சீக்கிரம் சூடாகட்டும் என்று அதை 5-க்குத் திருப்பாத நம்மூர்க்காரரை நான் பார்த்ததில்லை. நானும் திருப்பியவன்தான். ஆனால் அந்த எண் வேகம் அல்ல. அறை எவ்வளவு சூடானதும் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்ற அளவு. 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரி. பனிப்பூ படம் போட்ட இடம், குழாய் உறையாமல் காப்பதற்கு மட்டும். 3-ல் வைத்தாலும் 5-ல் வைத்தாலும் 20 டிகிரி வரை ஒரே வேகத்தில்தான் ஏறும்.

குமிழுக்குள் மெழுகோ ஒரு திரவமோ இருக்கும். அறை சூடானால் அது விரிந்து கீழே உள்ள ஒரு சிறு ஊசியை அமுக்கும்; தண்ணீர் அடைபடும். ஆறினால் சுருங்கும், ஊசி எழும்பும். ஆகவே அறை கதகதப்பாக இருக்கும்போது ரேடியேட்டர் ஆறிக் கிடந்தால் பழுது அல்ல, அதன் வேலையை அது பார்க்கிறது. திரைச்சீலையோ சோபாவோ குமிழை மறைத்தால், அந்த மூலை மட்டும் சூடாகி அது ஏமாந்து அடைத்துக்கொள்ளும். என் முதல் குளிர்காலம் முழுக்க வீட்டுக்காரரைத் திட்டினேன். கடைசியில் குற்றவாளி நானே வாங்கி மாட்டிய திரைச்சீலை.

ஹாலில் தனியாக ஒரு தெர்மோஸ்டாட், அதாவது அறைச் சூட்டைப் பார்த்துப் பாய்லரையே போட்டு நிறுத்தும் கருவி, இருந்தால் அதையும் பாருங்கள். ஹால் சூடாகிவிட்டது என்று அது பாய்லரை நிறுத்திவிட்டால், படுக்கையறைக் குமிழை எத்தனையில் வைத்தும் பயனில்லை.

சரி, உண்மையான பழுதுக்கு வருவோம். கோடை முழுக்க மூடியே கிடந்த வால்வில் ஊசி ஒட்டிக்கொள்ளும். அக்டோபரில் ஹீட்டிங் போட்டால் மற்ற அறைகள் சூடாகும், ஓர் அறை மட்டும் அசையாது. குமிழை 5-க்குத் திருப்பி, அதன் கழுத்தில் உள்ள வளையத்தைக் கையால் தளர்த்தினால் தலை மட்டும் கழன்று வரும். தண்ணீர் கொட்டாது, பயப்பட வேண்டாம். உள்ளே தெரியும் ஊசியைக் கரண்டியின் பின்புறம் போன்ற தட்டையான ஒன்றால் மெதுவாக அமுக்குங்கள். தானாக எழும்பி வர வேண்டும். வராவிட்டால் பக்கவாட்டில் லேசாகத் தட்டிவிட்டு மறுபடி அமுக்கிப் பார்க்கலாம். குறடு போட்டு மட்டும் இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்தால் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சும், அது வாடகை வீட்டுக் கார்ப்பெட்.

மேல்பாதி ஆறி, கீழ்ப்பாதி சூடாக இருந்தால் வால்வில் கோளாறு இல்லை, உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, மேல் ஓரத்துத் திருகை அதற்கான ரேடியேட்டர் சாவியால் சிறிது திறங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். துணி ஒன்று கையில் இருக்கட்டும். அப்புறம் பாய்லரில் அழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பகுதி ஆறியிருந்தால் உள்ளே துருச்சேறு. அது உங்கள் வேலை அல்ல.

ரேடியேட்டரின் மறு ஓரத்தில் மூடி போட்ட இன்னொரு வால்வு உண்டு. அதைத் திருகவே திருகாதீர்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைச் சானலில் பங்கு வைப்பது போல, சுடுதண்ணீரை அறைகளுக்குப் பங்கு வைப்பது அதுதான். தலைமடையில் ஷட்டரை அதிகம் தூக்கினால் கடைமடை காயும் என்று நம் ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

பாய்லரின் உள்பக்கத்தைத் தொடவே கூடாது. கேஸ் சேஃப் என்ற கேஸ் வேலைக்கான பதிவேட்டில் உள்ளவர்தான் தொடலாம். வாடகை வீட்டில் ஹீட்டிங்கைச் சரிசெய்து தருவது, இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. போனில் சொன்னாலும், கூடவே எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுபோகும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அறை அலமாரியில் வையுங்கள். அது 24 டிகிரி வாக்கில்தான் உருகும். குளிர்காலத்தில் அது உருகிக் கிடந்தால் உங்கள் கேஸ் பில்லும் உருகுகிறது. குமிழை ஓர் எண் குறைக்கலாம். கோடை வந்து ஹீட்டிங்கை நிறுத்தியதும் எல்லாக் குமிழையும் 5-ல் திறந்தே விட்டுவிடுங்கள், ஊசி ஒட்டாது.